திருப்பித் தைத்த கோட்டு

பிளேடின் முனை தையலுக்குள் நுழைந்து ஒவ்வொரு நூலாக அறுத்தது. குளிரில் விரல்கள் மரத்திருந்தும் கம்பளித் துணியில் ஒரு கீறல் விழவில்லை. கை தனி, முதுகு தனி, காலர் தனி என்று கோட்டு மேசைமேல் கிடந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதைத் தைத்தவளும் இதே தையற்காரிதான்.

"யாரோடதுன்னு அடையாளமே தெரியக் கூடாதுக்கா," என்று சொல்லிக் கோட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள் வீட்டுக்காரக் குடும்பத்து மருமகள். "வீட்டோட கிடக்கிற கிழவருக்குக் கோட்டு எதுக்கு? என் வீட்டுக்காரரு தினம் காலைல பைக்ல போறாரு, விறைச்சுப் போறாரு."

தையற்கடை அந்த வீட்டின் முன்னறைதான். முடியாது என்று சொன்னால் மிஷினோடு தெருவில் நிற்க வேண்டும்.

வெளுத்த பக்கத்தை உள்ளே திருப்பி, நிறம் மங்காத உள்பக்கத்தை வெளியே கொண்டுவந்தாள். இடப்பக்க மார்புப் பை வலப்பக்கம் வந்துவிட்டது; திருப்பித் தைத்ததை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அதன் வாயை அதே துணியில் உருவிய இழைகளால் அடைத்தாள். தடவிப் பார்த்தாலும் தெரியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

மூன்றாம் நாள் காலையில் கிழவர் வந்தார். சட்டைமேல் சட்டை. கைகள் அக்குளில்.

"ஏம்மா, அன்னிக்கு வாக்கிங் போயிட்டு நான் கோட்டோடதானே வந்தேன்? பார்க்குலயே விட்டுட்டேன்னு மருமக சாதிக்கிறா. எனக்குப் புத்தி பேதலிச்சிருச்சாம். பார்த்தேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவள் பார்த்திருந்தாள். "இது இருக்கிற வரைக்கும் குளிர் என்கிட்ட வாலாட்ட முடியாது" என்று அன்று அவர் இதே வாசலில் நின்று சிரித்ததையும் கேட்டிருந்தாள். உள்கதவுக்குப் பின்னால் மருமகளின் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"வெறும் சட்டையோடதான் வந்தீங்க ஐயா."

கிழவர் திரும்பினார். "அப்ப நெஜமாவே மறந்துதான் போச்சு," என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு போனார்.

மறுநாள் கோட்டு முடிந்தது. இஸ்திரிப் பெட்டியை அவள் இறக்கி வைக்கும்போது உள்ளேயிருந்து குரல் கேட்டது: "மாமா, சும்மாதானே உக்காந்திருக்கீங்க? அக்காகிட்டப் போயி உங்க பையனோட புதுக் கோட்டை வாங்கிட்டு வாங்க. இதையாவது வழியில எங்கயும் வெச்சிடாதீங்க!"

கிழவர் வந்து கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். இஸ்திரிச் சூடு ஆறவில்லை. கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"நல்ல துணிம்மா. அவனுக்கு எடுப்பா இருக்கும்." தயங்கினார். "இங்கேயே ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுக் கழட்டிடட்டுமா?"

"மடிப்பு கலைஞ்சிரும் ஐயா."

"அதுவும் சரிதான்" என்று அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் கோட்டை மடித்து அவற்றின்மேல் வைத்தாள்.