தோல் உரித்த கிளாத்தி

சந்தையில் என் அக்காவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஸ்கேன் அக்கா' என்றால்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு மீனைத் தடவியே இன்னதென்று சொல்லிவிடுவாள். வாளைக்குச் செதிலே கிடையாது. வவ்வால் செதில் விரலில் பொடியாக ஒட்டும். கெளுத்தியை மட்டும் தடவமாட்டாள், அதன் முள் குத்தினால் ஒரு வாரம் கை வீங்கும். இருபது வருஷமாக மீன் வெட்டுகிறவள். எனக்கு அதில் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு. கடை எங்கள் இருவருக்கும் பொது, பேர் மட்டும் அவளுக்கு.

தலையும் தோலும் போன மீனைக் கடைக்குள் விடவேமாட்டாள். கிளாத்தி மீனுக்குத் தோல் செருப்பு மாதிரி தடிப்பு. பத்து உரிப்பதற்குள் மணிக்கட்டு விட்டுப்போகும். படகிலேயே உரித்துத் தருகிறோம் என்று எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தார்கள். "மூஞ்சியப் பாக்காம எப்படி வாங்குறது?" என்பாள். காரணம் இருக்கிறது. பேத்தை மீனும் அதே வலையில்தான் வரும். பிடித்தால் வயிற்றை உப்பிக்கொண்டு பந்து மாதிரி உருளும். அதைத் தின்றால் ஆள் காலி என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் தலையையும் தோலையும் எடுத்துவிட்டால் அதுவும் வெள்ளைச் சதை, இதுவும் வெள்ளைச் சதை.

அன்றைக்கு மணிக்கட்டுக்குக் கட்டுப்போட அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து, படகுக்காரன் ஒருவனிடம் ஒரு கூடை உரித்த கிளாத்தி வாங்கிவிட்டேன். அவள் கைக்கு ஓய்வு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். அவள் இல்லாமலும் கடை ஓடும் என்று காட்ட நினைத்தேன்.

முதல் ஆளாகத் தையல்காரம்மா வந்தார். அக்காவைத் தவிர யாரிடமும் மீன் வாங்காதவர்.

"அக்கா இல்லையா தம்பி?"

"ஏன், நான் குடுத்தா மீன் நீந்திப் போயிடுமா?"

சிரித்துக்கொண்டே நாலு மீன் வாங்கிப் போனார்.

பத்து மணிக்கு அக்கா வந்தாள். கூடையைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கே சரியில்லை. இடது கையால் ஒவ்வொரு மீனாக எடுத்து, முதுகில் கட்டைவிரலை ஓட்டினாள். கிளாத்திக்கு முதுகில் நீளத் துடுப்பு. உரித்தாலும் ஊசி குத்தின மாதிரி வரிசையாகத் தடம் இருக்கும். ஆறாவது மீனில் விரல் நின்றது. மீண்டும் ஓட்டினாள். முதுகு வழுவழுவென்று இருந்தது. வால் பக்கம் தட்டையாக இல்லாமல் உருண்டிருந்தது.

"பேத்தைடா, பாவி. எத்தனை வித்த?"

"நாலு. தையல்காரம்மாவுக்கு."

அவர் போன் நம்பர் இரண்டு பேரிடமும் இல்லை. கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடினோம். மூன்று தெரு தள்ளி அவர் வீடு. வழியில் நான் கெஞ்சினேன்.

"அக்கா, மீன் கெட்டுப்போச்சுன்னு சொல்லி மாத்திக் குடுத்துடலாம். பேத்தைன்னு சொன்னா நாளைக்கு ஈ காக்கா வராது நம்ம கடைக்கு."

"கெட்டுப்போச்சுன்னா நல்லா கழுவி வறுத்துக்குவாங்கடா. இது நெருப்புல போற விஷமா?"

மாடிப்படி ஏறும்போதே எண்ணெய் வாசனை. அக்கா அங்கிருந்தே கத்தினாள். "சாப்பிடாதீங்க! மீன்ல பேத்தை கலந்திருக்கு!" அந்தக் கட்டடத்தில் எல்லாக் கதவும் திறந்தது. உள்ளே தையல்காரம்மாவின் மகள் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் தையல்காரம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அவ இன்னும் வாயிலயே வைக்கல. நான்தான் உப்பு பாக்க ரெண்டு துண்டு..." என்று இழுத்தார். விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். "மரத்த மாதிரி இருக்கு. காரம்னு நினைச்சேன்."

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியிலிருந்து இறங்கும்போது அவரால் நடக்க முடியவில்லை. மத்தியானத்துக்குள் மூச்சு நின்று, தொண்டையில் குழாய் போட்டு மெஷினோடு சேர்த்துவிட்டார்கள். "இதுக்கு மாத்து மருந்து கிடையாது. விஷம் தானா இறங்குற வரைக்கும் மெஷின்தான் மூச்சு விடணும்" என்றார் டாக்டர். தையல்காரம்மா கட்டை மாதிரி கிடந்தார். இமைகூட அசையவில்லை.

கட்டிலுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மகள்.

"யாரு வித்தது?" என்று கேட்டாள்.

நான் அக்காவைப் பார்த்தேன்.

"நான்தான்மா," என்றாள் அக்கா. "என் கைதான் தப்பு பண்ணிடுச்சு."

மகள் பளாரென்று ஒன்று விட்டாள். அக்கா கன்னத்தைக்கூடத் தடவவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை நினைத்தால் எனக்கே இப்போதும் காறித்துப்பத் தோன்றுகிறது.

வெளியே வந்ததும், "ஏன் அப்படிச் சொன்ன?" என்று அவள் மேலேயே பாய்ந்தேன்.

"உன்னை அடிச்சிருந்தா நீ திருப்பி அடிச்சிருப்ப. அங்க சண்டையா போட முடியும்?" என்றாள்.

இரண்டு நாள் கடை பூட்டிக் கிடந்தது. ஸ்கேன் மெஷின் ரிப்பேர் என்று சந்தையே சிரித்தது. ஐஸ்காரர் என்னிடமே, "இருபது வருஷம் வெட்டியும் உங்கக்காவுக்கு இது தெரியலையே" என்றார். நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

மூன்றாம் நாள் குழாயை எடுத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. அக்கா கூப்பிட்டாள் என்று நானும் போனேன். மகள் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா கட்டில் ஓரத்தில் நின்று கைகூப்பினாள். தையல்காரம்மா அவளைப் பார்த்து லேசாகத் தலையாட்டிவிட்டு, அவளுக்குப் பின்னால் நின்ற என் பக்கம் கண்ணைத் திருப்பினார். குரல் கரகரவென்று வந்தது.

"கை காலு அசையல தம்பி. கண்ணத் திறக்க முடியல. செத்தே போயிட்டேன்னு நினைச்சேன்."

மகள் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாள். விழுங்கிவிட்டு மீண்டும் என்னைப் பார்த்தார்.

"ஆனா காது கேட்டுச்சு. எல்லாமே கேட்டுச்சு."

"என்னம்மா கேட்டுச்சு?" என்றாள் மகள்.

நானே சொல்லட்டும் என்று தையல்காரம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.