புளியோதரையும் மஞ்சக்குட்டைச் சாப்பாடும்

போன ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து ஒரு கோஷ்டியாகக் கிளம்பி, குப்பனூர் பக்கமிருந்து மலைக்கிராமமான மஞ்சக்குட்டைக்கு நடந்தே ஏறினோம். கைடு பழனி, மலைக்காரர். காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார்.

மதியம் அவர் வீட்டிலேயே சாப்பாடு. மனைவி ராசாத்தி வெளியாட்களுக்குச் சமைப்பது இதுதான் முதல் தடவை. நன்றாக அமைந்தால் வாராவாரம் தொடரலாம் என்று திட்டம்.

“ஊட்டுல நாலு நாளா இதே பேச்சுங்க. நல்லா பசியோட வாங்க” என்று கிளம்பும்போதே சொன்னார் பழனி.

கேட்டோமா? சேலத்துக்காரர்கள் ஊர் எல்லையைத் தாண்டும்போது புளியோதரை கட்டாமல் இருப்பார்களா என்ன? பாதி வழியில் ஒரு பாறை... நல்ல காற்று. எங்கள் தெரு பார்வதி அக்கா பையைத் திறந்தார். ‘ஆளுக்கு ஒரு வாய்’ என்று ஆரம்பித்தது, தூக்கு காலியான பிறகுதான் நின்றது.

பழனி முதலில் “வேண்டாமுங்க” என்றார். அப்புறம் “கொஞ்சூண்டு வைங்க” என்றார். அப்புறம் இலையை மட்டும் நீட்டினார்.

வீடு நெருங்கியதும் அவர் முகம் மாறியது. “ஊட்டுல மட்டும் சொல்லிராதீங்க!”

சாமைச் சோறு, அவரைக்காய்க் குழம்பு, கீரைக் கடைசல், ரசம். ஆனால் ஒவ்வொருவராக, “கொஞ்சம் போதுங்க” என்று இலையை மறைத்தோம். ராசாத்தி கரண்டியோடு நின்றுவிட்டார்.

“ஏனுங்க... எங்க சாப்பாடு புடிக்கலீங்களா?”

எனக்கு மனசே கேட்கவில்லை. விருந்தாளி செய்யக்கூடிய பெரிய மரியாதை பசியோடு போவதுதானே? அதைக்கூடச் செய்யவில்லையே! யார் உண்மையைச் சொல்வது என்று முழித்தபோது, பழனியிடமிருந்து ஓர் ஏப்பம் — சுத்தமான புளியோதரை ஏப்பம்.

ராசாத்தி கணவரைப் பார்த்தார். அவர் சட்டையில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்தார். பிறகு சிரித்தாரே பாருங்கள்!

“அட, இவ்வளவுதானுங்களா? எந்திரிங்க எல்லாரும்!”

பாத்திரங்களை மூடிவிட்டு, காப்பித் தோட்டத்துக்குள் எங்களுக்கு முன்னால் நடந்தார். மேடு, பள்ளம், மறுபடி மேடு. “பசிக்குதுங்களா?” என்பார். “இல்லைங்க” என்றால் இன்னொரு மேடு! காலையில் ஏறியதெல்லாம் மலையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

முதலில் சரணடைந்தவர் பார்வதி அக்காதான். “பசி உசுரு போகுது கண்ணு, சோத்தப் போடு!”

இந்த முறை சட்டி காலி. பார்வதி அக்கா ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். “அடுத்த வாரமும் ஆளுங்கள அனுப்புங்க” என்ற ராசாத்தியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

பந்தியில் பழனியை மட்டும் காணோம். எங்கே என்று கேட்டேன்.

“அவருக்கு இன்னும் பசிக்கலையாமுங்க...” என்று தோட்டத்து மேட்டைக் காட்டினார் ராசாத்தி.