முப்பிடாதி அக்கா கேட்ட இதழ்

அன்று கடைக்குக் கால் மணி நேரம் தாமதமாகப் போனேன். மேற்பார்வை அண்ணாச்சி திட்டவில்லை. அதுதான் முதலில் உறைத்தது. என் முகத்தைப் பார்க்காமல், “முப்பிடாதி விடியக்காலம் தவறிட்டாம்மா” என்றார்.

இந்தக் கடிதப் பக்கத்தை வாசிக்கும் உங்களுக்கு அவரைத் தெரியும். ‘ஏழாம் மதகு’ பேய்ப் படக்கதைக்கு இதழ்தோறும் கடிதம் எழுதிய தச்சநல்லூர் முப்பிடாதி. நீங்கள் யாரும் பயப்படாத பக்கங்களுக்கெல்லாம் அவர் பயந்து எழுதுவார். நீங்கள் கேலி செய்வீர்கள். போன இதழில்கூட ஒருவர், தச்சநல்லூர் அக்காவைக் காணோமே, பேய் பிடித்துக்கொண்டதா என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அக்காவோடு ரவிக்கைத் துணிப் பிரிவில் வேலை பார்க்கிறவள். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வந்தவள். கடையில் யாருடனும் பேச மாட்டேன். என் பையில் இந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அவராகத்தான் வந்தார். “ஏட்டி, வாயத் தொறக்க மாட்டேங்க, பேய்க்கதை மட்டும் படிக்கியோ?” அடுத்த மாதமே கடை முகவரிக்குத் தன் பெயரில் சந்தா கட்டிவிட்டார்.

ஒருவர் இல்லாமல் மற்றவர் உறையைப் பிரிப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சேர்ந்து படிப்போம். அடுத்த படம் முன்கூட்டியே கண்ணில் படக் கூடாது என்று பக்கத்தின்மேல் ஒரு ரவிக்கைத் துணியை விரித்து, கட்டம் கட்டமாகக் கீழே இழுக்கச் சொல்வார். “பைய இழுட்டி, அவ தட்டுதா பாரு!” அவ என்றால் கதையில் வரும் பேய். அந்தத் துணியை அன்று யாருக்கும் விற்க விட மாட்டார். “இத உடுத்துனா அவுக வீட்டுக் கதவையும் தட்டுவா.”

ஒருமுறை கடைப் பெண்கள் எல்லோரும் மணிமுத்தாறு போனோம். அக்கா அருவிப் பக்கமே வரவில்லை. “நீங்க குளிங்க. எம் பேரு அவளுக்குத் தெரியும். கடுதாசியில போட்ருக்கேம்லா” என்று தள்ளியே உட்கார்ந்திருந்தார்.

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மதகில் மூழ்கிச் செத்த ஒருத்தி, தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறாள். கதவைத் திறப்பவரைக் கொண்டுபோய்விடுவாள். ஆனால் எதற்காகவாவது காத்திருப்பவரை அவளால் தொட முடியாது. கடைசி வீட்டில் இருப்பது யார் என்பது இரண்டு வருடமாகத் தெரியவில்லை. அவளைப் பெற்றவள்தான் என்று அக்கா அடித்துச் சொன்னார். நீங்கள் அதற்கும் சிரித்தீர்கள்.

இரண்டு மாதமாக உடம்புக்கு முடியாமல் அக்கா கடிதம் எழுதவில்லை. மஞ்சள்காமாலை முற்றி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் இதழ் வந்தது. நான் கொண்டுபோகவில்லை. தினமும் போனில் கேட்பார்.

“வந்துட்டாட்டி?”

“இன்னும் வரலக்கா.”

அது என் பையில் இருந்தது. காத்திருப்பவரைத் தொட முடியாது என்பதை நான் நம்பினேன். எழுத வெட்கமாக இருக்கிறது. டாக்டர் சொன்னதைவிட அதை அதிகமாக நம்பினேன்.

ஒன்பதாம் நாள் அவர் குரல் அடங்கிப்போயிருந்தது.

“நின்னு போச்சு போலுக்குட்டி. நம்ம கதைய நிறுத்திட்டாவ.”

“இல்லக்கா, வரும்.”

“எங்கன வர? விடு. இனி கேக்க மாட்டேன்.”

மறுநாள் எப்படியும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த மறுநாள்தான் அண்ணாச்சி என்னைத் திட்டாத நாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு தனியாகப் பிரித்தேன். துணி வைக்கவில்லை. எல்லாப் படமும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டது. கடைசி வீட்டில் இருந்தது பெற்றவள்தான். உங்களுக்கும் இப்போது தெரிந்திருக்கும். இத்தனை பேரில் அக்கா மட்டும்தான் சரியாகச் சொன்னார். அவருக்கு மட்டும்தான் அது தெரியாது.

அவர் பேசியதில் பலதும் நாளாக ஆக மறந்துபோகும். “வந்துட்டாட்டி?” என்று கேட்டதும், அதற்குத் தினமும் நான் சொன்ன பதிலும் என்னிடம் இருக்கும்.

நேற்று அடுத்த இதழ் வந்தது. உறைமேல் அவர் பெயர். “முப்பிடாதி இல்லியாம்மா?” என்று தபால்காரர் கேட்டார். இல்லை என்று சொல்லி, உறையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.