எழுபத்தெட்டு கிலோ

எலும்பைப் பார்த்து எடை சொல்வது என் பிழைப்பு. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறேன். மீதி நேரத்தில், வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் அனுப்பும் டைனோசர் எலும்புகளின் முப்பரிமாணப் படங்களைக் கம்ப்யூட்டரில் அளந்துகொண்டிருப்பேன். தொடை எலும்பு எவ்வளவு பருமனோ அதற்குத் தக்க பாரத்தை அது சுமந்திருக்கும். தசை ஒட்டியிருந்த இடங்களில் எலும்பில் மேடும் சொரசொரப்பும் இருக்கும். அதை வைத்துத் தசை எத்தனை பெரியது என்று ஊகிக்கலாம். வெறும் ஊகம்தான், அந்தச் சதையை யார் பார்த்தது? அதனால் கட்டுரையில் ஒற்றை எண்ணை எழுதவே மாட்டேன். குறைந்தது இவ்வளவு, மிஞ்சினால் இவ்வளவு என்று இரண்டு எண்களைப் போட்டு, நடுவில் ஒரு யானை நுழையும் அளவுக்கு இடம் விட்டுவிடுவேன்.

மனிதர்கள் விஷயத்தில் அந்த அடக்கம் எனக்குக் கிடையாது. மாணவிகள் கையை நீட்டி, "மேம், என் வெயிட் சொல்லுங்க" என்பார்கள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துச் சொல்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

என் அண்ணன் சிட்லபாக்கத்தில் தனியாக இருக்கிறார். அண்ணி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் நேராக அவர் வீட்டுக்குப் போவேன். அவரே சமைத்துப் போடுவார். இளமையில் வாலிபால் ஆடியவர், அகன்ற தோள், முரட்டுக் கைகள். நான் வளைத்துக்கட்டிச் சாப்பிட்டபடி என் டைனோசர்களைப் பற்றியே பேசித் தீர்ப்பேன். அவர் சோற்றை அளைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

போன வருடம் நவம்பரில் அப்படி ஒரு ஞாயிறு மதியம், ரசம் ஊற்ற எழுந்தவரின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது, வெறும் சத்தம்தான் வந்தது. தெருவுக்கு ஓடி ஒரு ஆட்டோவை நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக்காரரும் ஆட்டோக்காரரும் உள்ளே வந்து அண்ணனைத் தூக்கினார்கள்.

"இன்னா மேடம், பாக்கத்தான் பெரிய ஆளா கீறாரு, தூக்குனா ஒண்ணியுமே இல்ல" என்றார் ஆட்டோக்காரர். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த கையோடு டாக்டர் என்னிடம் வந்தார். சின்ன வயதுப் பெண். "மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு, மேடம். கரைக்க மருந்து உடனே ஏத்தணும். எடைக்கு ஏத்த டோஸ்தான் குடுக்கணும், கூடிட்டா மூளைக்குள்ளேயே ரத்தம் கசியும். அவரால நிக்க முடியாது. எடை பாக்குற கட்டில் மேல் மாடியில இருக்கு, அது வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. தோராயமா எவ்ளோ இருப்பார்?"

அண்ணன் மேல் கழுத்துவரை போர்வை. ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது.

"எழுபத்தெட்டு."

"நிச்சயமா?"

"என் வேலையே இதுதான் டாக்டர்."

கொஞ்சம் மருந்தை ஊசியில் செலுத்திவிட்டு, மீதியை ஒரு மணி நேரத்தில் ஏறும்படி பம்ப்பில் வைத்தார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் போயிருக்கும். அவர் கால் கட்டிலின் ஓரத்துக்கு வந்திருந்தது. உள்ளே நகர்த்தி வைக்கலாம் என்று கெண்டைக்காலைப் பிடித்தேன். என் கட்டைவிரலும் நடுவிரலும் சுற்றிவந்து ஒன்றையொன்று தொட்டன.

போர்வையை விலக்கினேன். முழங்கால் அதே பெரிய முழங்கால். அதற்கு மேலும் கீழும் தோல் துவண்டு கிடந்தது. ஆட்டோக்காரர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சதை வற்றிப் போனாலும் எலும்பு அதே பருமனில்தான் நிற்கும். நான் டாக்டரிடம் சொன்னது அந்த எலும்பு எப்போதோ சுமந்த எடை.

"சிஸ்டர், பம்ப்பை நிறுத்துங்க! நான் சொன்ன எடை தப்பு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டர் ஓடிவந்து பம்ப்பை நிறுத்தினார். அண்ணனின் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மேல் மாடியிலிருந்து கட்டிலை இறக்கிக் கொண்டுவந்து நான்கு பேர் அவரை அதில் மாற்றினார்கள். ஐம்பத்தேழு.

"இதுவரைக்கும் உள்ள போனது அளவுக்குள்ளதான் இருக்கு. மீதியைக் குறைச்சிடறேன்" என்றார் டாக்டர். "ஆனா கவனமா பாக்கணும்."

கால் மணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்து அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். அந்த இடைவெளிகளில் நான் பட்ட பயத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் கண்ணை மூடினால் உலுக்கினேன். தலை வலிக்கிறதா என்று கேட்டுக் கேட்டு அவரைப் படுத்தியெடுத்தேன். என் அண்ணனை நானே கொன்றுவிட்டேனோ என்று கழிவறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் மதியம் இரண்டாவது ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் வந்தார். கசிவு இல்லை. அண்ணனுக்கு விரல்கள் அசைந்தன, பேச்சும் குழறலாகத் திரும்பியிருந்தது. நான் கைகூப்பினேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"இவ்ளோ இளைச்சிருக்கார், அது சும்மா இருக்காது மேடம். உள்ள வேற என்னன்னு பாக்கணும். எப்போலேர்ந்து இளைச்சிட்டு வரார்?"

குறைந்தது இத்தனை மாதம், மிஞ்சினால் இத்தனை என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ஈஸ்டர்லேர்ந்து" என்றார் அண்ணன், கட்டிலிலிருந்து. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "வாராவாரம் எதிர்லதானே உக்காந்திருந்தே. நீயா கேப்பேன்னு இருந்தேம்மா."

டாக்டர் ஈஸ்டர் என்று எழுதிக்கொண்டார்.