நாச்சம்மாள் ஒடித்த கிளை

மைசூரில் குவெம்பு நகர்ப் பக்கம் ஒரு பூங்கா. காலையில் நடக்க வருகிறவர்களுக்கு அங்கே திரிகிற நாய்களின் பெயர்கூடத் தெரியும்; கூட்டுகிறவளின் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ளட்டும், அவள் பெயர் நாச்சம்மாள். பிறந்தது தமிழ்நாட்டு எல்லையோரம் கௌதள்ளி. கல்யாணமாகி மைசூருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதில் ஒன்பது வருஷமாகப் பூங்காவின் கிழக்குப் பாதி அவள் பொறுப்பு. ஒரு சருகு கிடந்தால் அதைத் தாண்டிப் போக மாட்டாள். சம்பளத்துக்காக மட்டும் அப்படிச் செய்தாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவள் கை அப்படி.

அவளுக்கு ஆந்தையைக் காட்டிக்கொடுத்தது விளக்குமாறுதான். நடைபாதை வளைகிற இடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. அதன் அடியில் தினமும் ஒரே இடத்தில், சுண்ணாம்பைக் கரைத்துக் கொட்டின மாதிரி எச்சம். கூடவே சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சாம்பல் உருண்டைகள். காக்கையின் வேலை என்றால் மரத்தடி முழுக்கச் சிதறியிருக்கும். இது சொல்லிவைத்தாற்போல அதே இடம். ஒருநாள் எரிச்சலில் ஓர் உருண்டையைச் செருப்பால் நசுக்கிப் பார்த்தாள். உள்ளே வண்டின் இறக்கையும் ஊசி மாதிரி எலும்பும் இருந்தன. தின்றதைக் கக்குகிற ஏதோ ஒன்று மேலே இருக்கிறது என்று அப்போதுதான் அண்ணாந்து பார்த்தாள்.

பொந்து வாயில் ஒரு கைப்பிடிப் பறவை. பழுப்பு உடம்பில் அரிசி நொய் சிதறின மாதிரி புள்ளிகள். மஞ்சள் கண்ணை உருட்டி, தலையை மேலும் கீழும் ஆட்டி அவளைப் பார்த்தது. ஆந்தையைக் கண்டால் கல்லெடுக்கிற பழக்கம் அவள் வீட்டிலும் உண்டு. அவள் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "அது என்னைப் பார்த்துப் பயப்படலை. நான் எதுக்கு அதைப் பார்த்துப் பயப்படணும்?" என்பாள்.

செலுவநாராயணன் என்று ஒருவர் அங்கே வருவார். மேல்கோட்டைக் குடும்பம், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் தொங்குகிற கேமராவில் சுரைக்காய் நீளத்துக்கு லென்ஸ். புள்ளி ஆந்தை கத்துவது காதில் விழுகிறது, ஆள் அகப்படவில்லை என்று மூன்று மாதம் மரம் மரமாக அண்ணாந்து பார்த்ததில் கழுத்துவலிதான் மிச்சம். கடைசியில் அவளிடமே கேட்டார்.

"நாச்சம்மா, நீங்க நாள் பூரா இங்கேதானே இருக்கேள். சின்ன ஆந்தை ஏதாவது கண்ணுல பட்டுதா?"

"மேல பார்த்தா எப்படிங்க சார் தெரியும்? கீழ பாருங்க."

அவர் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"அதை இல்லீங்க, தரையை!" என்று சிரித்துவிட்டு அந்த மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டாள். அவர் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஆந்தைக்கு அவரைப் பிடிக்கவில்லை. லென்ஸைத் தூக்கினால் போதும், பொந்துக்குள் போய்விடும். நாச்சம்மாள் பக்கத்தில் சரக் சரக்கென்று கூட்டினாலும் அசையாது.

"உங்களைக் கண்டா மட்டும் வளைகாப்புக்கு உக்காந்த பொண்ணு மாதிரி ஜம்முனு உக்காந்துண்டிருக்கு. என்ன மாயம் பண்றேள்?"

"நான் என் வேலையைப் பார்க்கறனுங்க. நீங்க அதையே உத்துப் பார்க்கறீங்க. யாருக்குத்தான் பிடிக்கும்?"

மறுநாள் அவர் வீட்டில் கிடந்த ஒரு சின்ன கேமராவைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். ஜூம் பண்ண ஒரு பித்தான், படமெடுக்க ஒரு பித்தான். "நான் எடுத்தா என்ன, நீங்க எடுத்தா என்ன, படம் வரணும், அல்வா?" என்றார். 'இல்லையா' என்பதற்கு 'அல்வா'; பேச்சுக்கு நடுவே கன்னடம் அப்படி வந்து உட்கார்ந்துகொள்ளும் அவருக்கு.

முதல் வாரம் வந்ததெல்லாம் மைனாவின் வாலும் அவளுடைய கட்டைவிரலும். பிறகு கை படிந்தது. விளக்குமாற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், கேமராவை இடுப்புக்கு மேல் உயர்த்தாமல், இரண்டு வீச்சுக்கு நடுவில் ஒரு படம். சிவப்புக் கன்னம் வைத்த சின்னான், பட்டுப்போன கிளையில் துளை போடுகிற குக்குறுவான், குளித்துவிட்டுச் சிலிர்க்கிற தவிட்டுக் குருவி எல்லாம் வந்தன. தோட்டக்காரன் ஜடையனுக்கு இது வேடிக்கை.

"அக்கா, டிவிக்காரியாட்டம் ஆயிட்டியே. என்னையும் ஒண்ணு புடி."

"நீ போயி பொந்துக்குள்ள உக்காரு, புடிக்கிறேன்."

மார்ச்சில் குஞ்சுகள் பொந்து வாய்க்கு வந்தன. மூன்று. வெள்ளைப் பஞ்சைத் தலையில் ஒட்டவைத்த மாதிரி. ஆனால் மேல் கொம்பிலிருந்து ஒரு சின்னக் கிளை இலையும் தழையுமாகப் பொந்துக்கு முன்னால் தொங்கியது. எப்படி எடுத்தாலும் ஒரு குஞ்சின் முகத்தில் இலை. ஐந்து நாள் பொறுத்தாள். ஆறாம் நாள் காய்ந்த கொம்பு இழுக்கிற துறட்டியை எடுத்தாள். வழியில் கிடக்கிற இலையைத் தள்ளுகிற கை அல்லவா, அதே கைதான் இதையும் செய்தது. தாய் வெளியே போயிருந்த நேரம் பார்த்து ஒரு இழுப்பு. கிளை விழுந்தது. அதையும் கூட்டிக் குப்பையில் போட்டாள். அன்று சாயங்காலம் எடுத்த படத்தில் மூன்று முகமும் துடைத்துவைத்த மாதிரி வந்தன.

செலுவநாராயணன் சேதி தெரிந்து மறுநாள் மத்தியானமே ஓடிவந்து படத்தைப் பார்த்து, "ஆஹா!" என்றார். பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார்.

"இங்கே ஒரு கிளை இருந்துதே?"

"மறைச்சுதுங்க. ஒடிச்சுட்டேன்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நாச்சம்மா, அது மறைக்கத்தானே இருந்தது" என்றார். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "நானும் யோக்கியன் இல்லை. நாலு நாளா அந்தக் கிளையை மனசுக்குள்ள வெட்டிண்டுதான் இருந்தேன்" என்றும் சொன்னார்.

அவர் திட்டியிருந்தால் அவள் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். இது உள்ளே போய் இறங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். மத்தியான வெயில் பொந்துக்குள் நேராக அடித்தது. எதிர்க் கொம்பில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து உள்ளே பார்த்தது. மறுநாள் காலை காக்கை இரண்டாயின.

"ஏணி வெச்சு ஏறி வேற கிளை கட்டறனுங்க. நான் ஒடிச்சதை நான்தானே கட்டணும்."

"வேண்டவே வேண்டாம். மரத்துல ஏணி சாத்தினா தாய் வராமலே போயிடும். அப்புறம் மூணும் போச்சு."

ஏணியை விட்டாள். ஆனால் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஜடையனிடமிருந்து நீளமான மூங்கில் ஒன்றை வாங்கினாள். நுனியில் புங்கந்தழையைக் கொத்தாகக் கட்டினாள். மரத்தைத் தொடாமல், பொந்துக்கு ஒரு முழம் முன்னால் தழை நிற்கும்படி மூங்கிலைத் தரையில் குழி பறித்து நட்டார்கள். தாயும் தகப்பனுமாக ஆந்தைகள் இரண்டும் பக்கத்து வேப்பமரத்துக்குப் போய் நின்று கத்தின கத்தலில் நடக்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நாச்சம்மாள் காம்பவுண்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். முக்கால் மணி நேரம். கடைசியில் தாய் பறந்துவந்து மூங்கிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தழைக்குப் பின்னால் நுழைந்து உள்ளே போனது. அப்புறம்தான் அவள் சுவரை விட்டு நகர்ந்தாள்.

தழை வாடும் என்பதால் தினமும் விடிந்ததும் மூங்கிலைச் சாய்த்துப் புதுத் தழை கட்டினாள். "தேருக்குக்கூட தினம் தோரணம் மாத்த மாட்டாங்க அக்கா" என்றான் ஜடையன். சொல்லிக்கொண்டே தழை வெட்டிக் கொடுத்தான். வெயில் நின்றது; காக்கை நிற்கவில்லை. அவை ஏற்கெனவே பார்த்துவிட்டனவே. அதனால் மத்தியானச் சோற்றை மரத்தடியிலேயே தின்றாள். வேலை முடிந்தும் ஆறரை மணி வரைக்கும் விளக்குமாற்றோடு உட்கார்ந்திருந்தாள். அத்தனை நாளும் கேமராவைத் தொடவில்லை.

எட்டாம் நாள் கான்டிராக்டர் ஆள் கையெழுத்துக்குக் கூப்பிட்டான். பூங்காவின் அந்தக் கோடிக்குப் போய்வர ஒரு மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது மரத்தில் ஏழெட்டுக் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. விளக்குமாற்றை வீசிக்கொண்டே ஓடினாள். அன்று சாயங்காலம் பொந்து வாயில் இரண்டு முகம்தான் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் பொந்து காலி. பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர்த்தொட்டிக் கம்பியில் குஞ்சுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன, இரண்டு. தாய் கரப்பான் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தது. மூன்றாவதை நாலு நாள் தேடினார்கள்.

"பின்னாடி வீட்டு மாமரத்துக்குப் போயிருக்கும்" என்றார் செலுவநாராயணன்.

"இருக்கலாமுங்க."

"காக்கை தூக்கியிருந்தா ஒரு இறகாவது கிடந்திருக்கும், அல்வா?"

"தேடினனுங்க. கிடைக்கலை. எனக்குக் கிடைக்கலைங்கறதுக்காக நடக்கலைன்னு சொல்லிர முடியுமா?"



மே மாதம் நடக்கிறவர்கள் சங்கம் பூங்கா மண்டபத்தில் பறவைப் படங்கள் வைத்தது. மூன்று குஞ்சுப் படத்தைப் பெரிதாகப் போட்டே ஆகவேண்டும் என்று அவர் நின்றார். வேண்டாம் என்று இவள் நின்றாள். இரண்டு நாள் இழுபறி. மூன்றாம் நாள் இவளே வந்து, "போடுங்க. ஆனா கீழ எழுதிப் போடுங்க" என்றாள்.

அவர் ஓர் அட்டையில் கன்னடத்தில் எழுதி, தமிழில் படித்துக் காட்டினார். புள்ளி ஆந்தைக் குஞ்சுகள். படம் நாச்சம்மாள். பொந்தின் முன் இருந்த கிளை அகன்ற பிறகு எடுத்தது.

"யாரு அகத்தினாங்க? காத்தா? நான் ஒடிச்சேன்னு போடுங்க."

"போடறேன்."

"ஒடிச்சதுனால காக்கை வந்துச்சுன்னும் போடுங்க. மூணுல ரெண்டைத்தான் அப்புறம் பார்த்தோம். அதையும்."

"இவ்வளவு எழுதினா படத்தை யார் பார்ப்பா, நாச்சம்மா?"

"படிச்சுட்டுப் பார்க்கட்டுமுங்க. அவசரமா?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் இடம் நிறைய இருந்தது. நாச்சம்மாள் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்ல, முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்.