இன்னொண்ணு அக்காவும் இரண்டு பென் டிரைவும்

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘இன்னொண்ணு’. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும், "சரி, இதுக்கு இன்னொண்ணு எங்க?" என்றுதான் கேட்பார். பதினெட்டு வயதில் ஒரே ஒரு அசல் சான்றிதழைத் தொலைத்துவிட்டு, ஒரு வருஷம் முழுக்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவராம். அன்றோடு ஒன்றை நம்புவதை விட்டுவிட்டார். வீட்டுச் சாவி இரண்டு, மூக்குக்கண்ணாடி இரண்டு, கைப்பைக்குள் ஒரு கைப்பை. "வீட்டுக்காரர் மட்டும் ஏன்க்கா ஒண்ணு?" என்று நான் ஒருநாள் கேட்டேன். "அவரு ஒருத்தரே ரெண்டு பேரு பண்ற குளறுபடியைப் பண்ணுவாரு" என்றார்.

நான் அங்கே ட்யூப்களுக்கு லேபிள் ஒட்டுகிறவன். எங்கள் பரிசோதனை முடிவுகள் எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வழியாகவே போகும். அனுப்புவதற்கு ஒரு சர்வர். அது படுத்தால் அந்த நொடியே வேலையை எடுத்துக்கொள்ள, வேறு அறையில் இன்னொரு சர்வர். அக்காவின் ஏற்பாடு. அந்த இரண்டைத் தவிர வேறு யார் அனுப்பினாலும் ஆஸ்பத்திரி வாங்காது. அதுவும் அக்கா போட்ட பூட்டுதான்.

போன வருஷம் அக்கா நான்கு நாள் லீவு எடுத்தார். மேனேஜருக்கு அழகுணர்ச்சி அதிகம். "ஒரே மாதிரி ரெண்டு பெட்டி ஆளுக்கொரு ரூம்ல எதுக்கு?" என்று இரண்டாவது சர்வரைத் தூக்கி வந்து முதலாவதன் பக்கத்தில் வைத்தார். இரண்டுக்கும் ஒரே பவர் போர்டு. மேலே பார்வையாக ஒரு பூந்தொட்டி.

அக்கா திரும்பி வந்த அன்று காலை பதினோரு மணி. மேனேஜர் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். தொட்டிக்கு அடியில் ஓட்டை இருந்தது. ‘டப்’பென்று ஒரு சத்தம். சர்வர் இரண்டும் ஜோடியாகக் கண்ணை மூடின.

அக்கா ஓடிவந்து பார்த்தார். செடியைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். தொட்டியைத் தூக்கி அவர் கையிலேயே கொடுத்தார். திட்டியிருந்தால் மேனேஜர் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து சீஃப் நர்ஸ் போனில் வந்தார். "ஆபரேஷனுக்கு ஒருத்தர் படுத்திருக்காரு. யாரோட ரிசல்ட்டும் வரலை. போன்லயே படிங்களேன்!"

"இருநூத்திப் பன்னெண்டு பேரு ரிசல்ட்டும்மா. ஒரு புள்ளி மாறிப் போச்சுன்னா யாரு பொறுப்பு?" என்றார் அக்கா.

"போட்டோ எடுத்து நம்ம வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடலாமா?" என்றார் மேனேஜர்.

"அந்த குரூப்ல உங்க மச்சான் வரைக்கும் இருக்காங்க சார்."

அக்கா தன் லேப்டாப்பிலிருந்து அனுப்பலாமென்றால் அவர் போட்ட பூட்டு அவரையே உள்ளே விடவில்லை. அதைத் தளர்த்தக்கூடிய ஆள் ஆஸ்பத்திரியில் ஒருவர்தான். அவரோ பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போனை எடுத்து, "ஆங்... ஊங்..." என்றார். அதை வைத்துக்கொண்டு எந்தப் பூட்டைத் திறப்பது?

பரிசோதனை மெஷின்களின் நினைவில் முடிவுகள் பத்திரமாக இருந்தன. அக்கா அவற்றை எடுத்து இரண்டு பென் டிரைவில் ஏற்றி, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினார். "ரெண்டு பேரு, ரெண்டு வழி" என்றார். ஆனால் ஆள்?

அக்காவின் நாத்தனார் அந்நேரம் சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றார். தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அந்த வீட்டாருக்கே இவர் சொல்லித்தான் தெரியும். ‘இவர் கையிலா?’ என்று மேனேஜர் இழுத்தார். "பூட்டு எதுக்கு இருக்கு?" என்று சொல்லி, அக்கா ஒன்றை அவர் கையில் கொடுத்துப் பஸ் ஏற்றினார்.

இன்னொன்று வீட்டுக்காரரிடம். அவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். வாசலுக்கு வந்த காரில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது அறுபது வயது ரிட்டயர்டு தலைமையாசிரியை. அன்று அவருக்கு மூன்றாவது வகுப்பு.

"ஏங்க, நீங்க ஓட்டுங்களேன்!"

"அவங்க கிளாஸ் டைம்மா. எறங்கச் சொல்லவா முடியும்?"

கார் மூன்று முறை விக்கிவிட்டுக் கிளம்பியது.

அரை மணி நேரத்தில் நாத்தனாரிடமிருந்து போன். "அண்ணி, பாஸ்வேர்டு என்ன?"

"உனக்கு எதுக்கு?"

"சும்மாதான், வேலை செய்யுதான்னு பாக்கலாம்னு. எதிர்வீட்டுக்காரிக்குச் சுகர் எவ்வளவுன்னு... இல்ல, ஜெராக்ஸ் கடையில சொருகிப் பாத்தோம். படிக்க முடியல, ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு. பாவம் கேக்குதேன்னு ஆமான்னு அழுத்திட்டோம்."

அக்கா கண்களை மூடிக்கொண்டார். ஒரு பென் டிரைவ் துடைத்துவிட்ட தட்டுபோல ஆகிவிட்டது. மிச்சமிருப்பது இரண்டாவது கியரில் பாலம் ஏறிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். "எங்க இருக்கீங்க?"

"நடுப் பாலத்துல. பின்னாடி ஊரே ஹாரன் அடிக்குது. டீச்சர் எறங்கிப் போய் அவங்களை வாயை மூடச் சொல்லிட்டு வர்றாங்க."

பன்னிரண்டரைக்குக் கார் போய்ச் சேர்ந்தது. உரசல் இல்லை, கீறல் இல்லை. சீஃப் நர்ஸ் போன் செய்து, "வந்திருச்சு, பாஸ்வேர்டு சொல்லுங்க" என்றார். அக்கா சொல்லவில்லை. "வச்சிடுங்கம்மா. உங்க வார்டு நம்பருக்கு நானே கூப்பிடறேன்" என்று, தனக்குத் தெரிந்த நம்பருக்குக் கூப்பிட்டு அதே குரலைக் கேட்ட பிறகுதான் எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

"எத்தனை பேரு ரிசல்ட் வந்திருக்கு?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"கீழ, சரிபாக்கறதுக்கு ஒரு செக் நம்பர் இருக்கும், படிங்க."

படித்தார். அக்காவின் தாளில் எழுதி வைத்திருந்ததும் அதுவும் ஒன்றாக இருந்தன. ஒரு எழுத்துகூட வழியில் மாறவில்லை. அப்போதுதான் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். நான் விட்ட இடத்திலிருந்து லேபிள் ஒட்ட ஆரம்பித்தேன். ஆபரேஷன் இரண்டு மணிக்கு நல்லபடியாக முடிந்தது.

மேனேஜர் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் ‘எதிர்பாராத ஈரப்பதம்’ என்று இருந்தது. அக்கா அதில் கையெழுத்துப் போட்டார், ஒரு நிபந்தனையோடு. இரண்டாவது சர்வர் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகவேண்டும், தனி மின்சாரத்தில். அங்கே இலை, தழை எதுவும் கூடாது.

அதோடு விடவில்லை. மாதம் ஒருமுறை, யாரிடமும் சொல்லாமல், நல்ல வேலை நேரத்தில் முதல் சர்வரின் ஒயரைத் தன் கையாலேயே பிடுங்குவேன் என்றார். "ஓடிட்டிருக்கறதை எதுக்கு நிறுத்தணும்?" என்றார் மேனேஜர். "நின்னா என்ன ஆகும்னு நின்ன அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கணுமா சார்?"

முதல் தடவை பிடுங்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு நொடி. அவ்வளவுதான். அடுத்த கட்டடத்துப் பெட்டி வேலையை எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை. மேனேஜர் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் எதுவும் தெரியாது. அக்கா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் அழைத்துப்போக வந்தார். அக்கா சந்தோஷம் தாங்காமல், "இன்னைக்கு நான் மெயின் சர்வரையே நிறுத்திட்டேங்க. ஒண்ணுமே ஆகலை!" என்றார்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ அது இல்லாமலே ஓடுதுன்னா, அதை எதுக்கு வாங்கினீங்க?"

அக்கா காரில் ஏறி, கதவை இரண்டு தடவை சாத்தினார்.