யாகப்பர் அடித்த இரட்டை மணி

கண்டி–திகன வழியில் ஓடிய பஸ்ஸில் யாகப்பர் பதினெட்டு வருடம் கண்டக்டராக இருந்தார். கூரையோரத்துக் கயிற்றை ஒருதரம் இழுத்தால் முன்னால் மணி அடிக்கும், டிரைவர் நிறுத்துவான். இரண்டுதரம் அடித்தால் புறப்படுவான். கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவரைக் கண்டதும் அவசரமாய் இரட்டை மணி அடிக்கிற பாவிகள் அந்தத் தொழிலில் நிறையப்பேர். யாகப்பர் அந்த ரகமில்லை. தூரத்தில் ஒரு சேலை தெரிந்தாலே ஒற்றை மணிதான். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுத்தால், "ஓடி வந்த ஆள விட்டுட்டுப் போனா எனக்கு சோறு எறங்குமாங்க?" என்பார்.

அப்படி அதிகம் ஓடிவந்தவர் லீலாதேவி டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரி. திகனவுக்கு இந்தப்பக்கம் ஒரு சந்தியில், மஸீனாவின் கடைப் பின்னறையில் வாடகைக்கு இருந்தார். படிப்பித்தது கண்டியில். சும்மா சொல்லக்கூடாது, ஒருநாளாவது நேரத்துக்கு வந்ததில்லை.

"மெதுவா வாங்க டீச்சர். ஒங்கள ஏத்தாம இந்த பஸ்சு எங்க போகப்போகுது?"

"ஓம் அண்ணை. அந்தத் துணிவிலதான் ஆறுதலாத் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

எண்பத்துமூன்று ஆடிக் கலவரம் கண்டிக்கு வந்துசேர்ந்த செவ்வாய்க்கிழமை, யாகப்பரின் பஸ் திகனவில் நின்றது. வீடும் மனைவி டொரதியும் கண்டியில். எப்படியும் போய்ச்சேர வேண்டும். டிரைவர் தென்னக்கோன் நல்ல மனுஷன். "வழியில் தமிழரை இறக்கி அடிக்கிறார்களாம். நீ வாயைத் திறக்காதே, டிக்கட்டை மட்டும் கிழி" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, கண்டியை நோக்கி வண்டியை எடுத்தான்.

சந்தியில் இரண்டுபேர் இறங்கினார்கள். அப்போதுதான் யாகப்பர் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். மஸீனாவின் கடைப்பக்கமிருந்து லீலாதேவி ஓடிவந்துகொண்டிருந்தார். கையில் பையில்லை, காலில் செருப்பில்லை. வழக்கம்போல வலதுகையை உயர்த்தியிருந்தார். அவருக்குப் பின்னால், கொஞ்சத் தூரத்தில், பொல்லு தடிகளோடு ஏழெட்டுப்பேர்.

ஏற்றினால் அவர்கள் பஸ்ஸை மறிப்பார்கள். மறித்தால் ஒவ்வொருவராய்ப் பேச்சுக்கொடுத்துப் பார்ப்பார்கள். யாகப்பரின் சிங்களம் டிக்கட் கொடுக்கத்தான் போதும். தென்னக்கோன் திரும்பிப் பார்க்காமல் மணிக்காகக் காத்திருந்தான்.

யாகப்பர் கயிற்றை இரண்டுதரம் இழுத்தார்.

பயம்தான், வேறென்ன? அந்த இடத்தில் நின்று பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். ஆனாலும் மனம் ஆறவில்லை.

ஊரடங்கு தளர்ந்து பஸ்கள் ஓடத்தொடங்கிய முதல்நாளே, யாகப்பர் அந்தச் சந்தியில் இறங்கி மஸீனாவின் கடைக்குப் போனார். டீச்சர் எங்கே என்று அவர் கேட்குமுன் மஸீனாவே சொன்னாள்.

"எங்கட குசினிக்குள்ளதான் ஒளிச்சு வச்சிருந்தேன். அவனுகள் அங்க வரவே இல்ல, யாகப்பர் நானா. இங்கயே இரிங்க டீச்சர்னு எவ்வளவு சொன்னேன். ஒங்கட பஸ் சத்தம் கேட்டதும் எழும்பிட்டாங்க. அண்ணை என்னை விட்டுட்டுப் போகமாட்டார்னு சொல்லிட்டு ஓடினாங்க."

யாகப்பர் கடை வாசலிலேயே குந்திவிட்டார். அந்தப் பதினெட்டு வருட ஒற்றை மணிதான் அந்த மனுஷியை வெளியே இழுத்திருக்கிறது. மற்றக் கண்டக்டர்களைப்போல அவரும் இருந்திருந்தால், டீச்சர் அந்தச் சமையலறையை விட்டு அசைந்திருக்கமாட்டார்.

"ஆஸ்பத்திரியில ரெண்டு நாள்தான் உசிரோட கெடந்தாங்க" என்றாள் மஸீனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மவுத்தாகிறதுக்கு முந்தியும் ஒங்களப் பத்தித்தான் பேச்சு. நீங்க மனசு நோக வேணாமாம். ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க."

"என்னன்னு?"

"அண்ணை என்னைக் கண்டிருக்கமாட்டார், கண்டிருந்தா நிப்பாட்டியிருப்பார்னு."